சூரிய விளக்குக்கு ஆயுள் எத்தனை?

சித்தூரிலிருந்து பெங்களூர் செல்லும் பழைய நெடுஞ்சாலையில் பயணம் செய்த அன்பர்களுக்குப் பங்காருபாளையம் தெரிந்திருக்கும். மொகிலி மலைப்பாதையில் ஏறிப் பலமனேர் போவதற்கு முன்னால் வருகிற ஊர். தெலுங்கில் பங்காருபாளெம் என்பார்கள். பங்காரு என்றால் பொன். அங்கே விளைகிற பொன் மாம்பழந்தான். நாம் கிளிமூக்கு என்றும் அவர்கள் தோத்தாபுரி என்றும் சொல்கிற மாங்காய், ஜூன் ஜூலை மாதங்களில் டிராக்டர் டிராக்டராக வந்து இறங்கும். 1911-ல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது வட ஆர்க்காட்டின் பல பகுதிகள் அதில் சேர்ந்தன. 1960-ல் திருத்தணியும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் சென்னை மாநிலத்துக்குத் திரும்பின. மற்றவை ஆந்திரத்திலேயே நின்றுவிட்டன. வீட்டுக்குள் தமிழும் வீதியில் தெலுங்குமாக வாழும் குடும்பங்கள் அந்தப் பக்கத்தில் இன்றும் நிறைய. நமது சங்கத்திலும் அப்பக்கத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள் சிலர் உண்டு. நானும் அவர்களில் ஒருவன்.

மாம்பழத்தைத் தவிர அந்த மண்டலத்துக்கு இன்னொரு பெயரும் இருக்கிறது. அமர ராஜா நிறுவனத்தின் பாட்டரித் தொழிற்சாலைகள் பங்காருபாளையம் மண்டலத்து நூனெகுண்ட்லபல்லெ என்னும் கிராமத்தில் இருக்கின்றன. இப்படிப் பாட்டரி பிறக்கிற மண்டலத்திலேயே, பாட்டரி செத்துப்போனதால் இருண்டு நிற்கும் சூரிய விளக்குக் கம்பங்களையும் பார்த்தேன். (அந்த விளக்குகளில் இருந்தவை உள்ளூர்ச் சரக்கு அல்ல, எங்கிருந்தோ விலை மலிவாக வந்தவை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.) வெளியூரில் வாழும் நம்மவர்கள் சொந்த ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கும்போது கோயில் திருப்பணிக்கு அடுத்தபடியாக இப்போது சூரிய விளக்குத்தான் நினைவுக்கு வருகிறது. நல்ல எண்ணந்தான். ஆனால் அந்த விளக்கு எத்தனை நாள் எரியும் என்று கேட்டுப் பணம் கொடுப்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஊர்ப் பெயர் வேண்டாம். மாந்தோப்புகளுக்கு நடுவில் உள்ள ஒரு சிற்றூர். அங்கிருந்து பிழைப்புக்காக வெளியேறியவர்கள் கூடிப் பேசி, 2019-ல் 14 சூரிய விளக்குகள் போட்டார்கள். ஒவ்வொரு கம்பத்திலும் உபயதாரர் பெயர் பெயிண்டில் எழுதப்பட்டது. திருவிழா அன்று விளக்கேற்றி, மேளம் கொட்டி, புகைப்படம் எடுத்துக்கொண்டு எல்லோரும் கலைந்தார்கள். நான் 2023-ல் ஒரு திருமணத்துக்காக அங்கே போனபோது ராத்திரியில் நடந்து எண்ணிப் பார்த்தேன். விடியும்வரை எரிந்தவை நான்கு. மூன்று விளக்குகள் ஒன்பது மணிக்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டன. மற்ற ஏழும் எரியவே இல்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டி, "பேரு மட்டும் பளபளன்னு கீது நைனா, வெளக்குத்தான் இல்ல" என்றார். நான்கு ஆண்டில் பதினான்குக்கு நான்கு.

மறுநாள் காலையில் உள்ளூரில் போர் மோட்டார் பழுது பார்க்கும் இளைஞர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டேன். மின் வேலைகளை மேற்பார்த்துப் பழகியவன் என்பதால் கையில் மீட்டரை எடுத்தால் எனக்குப் பொழுது போவது தெரியாது. ஏணி வைத்து ஒவ்வொரு பெட்டியாகத் திறந்தோம். பழுதான பத்துக் கம்பங்களிலும் மேலேயிருந்த சூரியத் தகடு, அதாவது பேனல், பழுதில்லை. துணியால் துடைத்துவிட்டு அளந்தால் இருக்க வேண்டிய வோல்ட் இருந்தது. எல்.இ.டி. விளக்குகளை வேறு பாட்டரியில் நேரடியாகக் கொடுத்துப் பார்த்தோம், பத்தும் எரிந்தன. ஒன்றில் சார்ஜ் கன்ட்ரோலர் கருகியிருந்தது, இடி விழுந்த அடையாளம். இன்னொன்றில் பக்கத்து மாமரம் நான்கு ஆண்டில் தழைத்துத் தகட்டின்மேல் நிழல் போட்டிருந்தது. ஒரு பெட்டி காலி. பாட்டரியை யாரோ கழற்றிப் போயிருந்தார்கள். ஈயத்துக்கு எடைக்கு எடை காசு கிடைக்கும் அல்லவா? மிச்சம் இருந்த ஏழிலும் குற்றவாளி ஒருவர்தான்: பாட்டரி. இரண்டு இளைத்திருந்தன, ஐந்து செத்தே போயிருந்தன. மூடியைத் திறந்தால் தண்ணீர் வற்றி, ஈயத் தகடுகளின்மேல் சுண்ணாம்பு பூசினாற்போல் வெள்ளை படிந்திருந்தது. "இதுல தண்ணி ஊத்தணும்னு யாருமே சொல்லலையே அண்ணா" என்றார் அந்த இளைஞர்.

ஆகவே சூரிய விளக்குக்கு ஆயுள் எத்தனை என்று கேட்டால் ஒரே பதில் சொல்ல முடியாது. அந்தக் கம்பத்தில் நான்கு பேர் குடியிருக்கிறார்கள்: தகடு, விளக்கு, கன்ட்ரோலர், பாட்டரி. நால்வருக்கும் ஆயுள் வேறு வேறு.

தகடுதான் சிரஞ்சீவி. சிலிக்கானால் ஆன சூரிய மின்கலத்தை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார் 1954-ல் செய்து காட்டினார்கள். இந்தியாவில் சாஹிபாபாதிலுள்ள சென்ட்ரல் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1977-ல் முதல் மின்கலத்தையும் அடுத்த ஆண்டு முதல் தகட்டையும் தயாரித்தது. அதில் அசையும் உறுப்பு எதுவும் கிடையாது; தேய்வதற்கு ஒன்றுமில்லை. ஆண்டுக்கு அரை சதவீதமோ சற்றுக் கூடவோ திறன் குறையும், அவ்வளவுதான். சுவிட்சர்லாந்தின் லுகானோவில் 1982-ல் ஒரு கட்டடத்தின்மேல் நிறுவிய தகடுகளை 35 ஆண்டுகள் கழித்து ஆராய்ந்தார்கள். பாதிக்கும் மேற்பட்டவை தொடக்கத் திறனில் ஏறத்தாழ 80 சதவீதமாவது கொடுத்துக்கொண்டிருந்தன. கண்ணாடிக்கு அடியில் பூசும் பசையின் தரம் மட்டமானவைதான் விரைவில் மங்கின. நல்ல தகட்டுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் தருவது வெறும் வியாபாரப் பேச்சு அல்ல.

விளக்கின் கதை காலத்தோடு மாறியது. மரபுசாரா எரிசக்திக்கு 1982-ல் மத்திய அரசில் தனித் துறை வந்தது, 1992-ல் அது தனி அமைச்சகமாயிற்று. அக்காலத்தில் கிராமங்களில் நட்ட கம்பங்களில் வழக்கமாக 74 வாட் தகடு, 75 ஆம்பியர்-மணி பாட்டரி, 11 வாட் சி.எஃப்.எல். குழல் இருக்கும். குழலின் முனை கறுத்துப்போய் இரண்டு மூன்று ஆண்டில் மாற்ற வேண்டி வரும். இப்போதுள்ள எல்.இ.டி. அப்படியல்ல. தரமானதற்கு 50,000 மணி நேரம் என்று கணக்கு. ஓர் இரவுக்கு 12 மணி வீதம் ஆண்டுக்கு 4,380 மணி. ஆக பதினோரு ஆண்டுக்கு மேல் வரும். அப்போதும் அது அணைவதில்லை, வெளிச்சம் 70 சதவீதமாகக் குறைகிறது என்றுதான் பொருள். அதற்கு மின்சாரம் ஊட்டும் டிரைவர் என்னும் சின்னஞ்சிறு சுற்றுத்தான் முன்னால் போகும். வெயிலில் வேகும் மின்தேக்கிகள், மின்னல், பூச்சி, பல்லி, இவை அதற்குப் பகை.

பாட்டரியோ நாள்தோறும் உண்டு நாள்தோறும் பட்டினி கிடக்கும் ஜீவன். பகலில் நிரம்பி இரவில் காலியாக வேண்டும். ஆண்டுக்கு 365 முறை. காரில் உள்ள பாட்டரி வண்டியைக் கிளப்ப ஒரு நொடி உழைத்துவிட்டு ஓய்வெடுக்கும். தெருவிளக்குப் பாட்டரிக்கு அந்த ஓய்வு இல்லை. ஈய அமில வகையில் ட்யூபுலர் என்னும் உறுதியான சாதியாக இருந்தாலும், கவனித்தால் ஐந்து ஆண்டு, கவனிக்காவிட்டால் இரண்டு மூன்று. முழுவதும் காலியாகிச் சில நாள் அப்படியே கிடந்தால் தகட்டில் ஈய சல்பேட் இறுகிப் படிந்துவிடும். நாங்கள் பார்த்த சுண்ணாம்பு அதுதான். பிறகு வெயில் எவ்வளவு அடித்தாலும் அது ஏறாது.

வெப்பமும் எமன். சுற்றுச்சூழல் வெப்பம் ஏறத்தாழ 10 டிகிரி கூடினால் ஈய அமிலப் பாட்டரியின் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் உள்ள பொதுக் கணக்கு. 25 டிகிரியில் வைத்துச் சோதித்துச் சொன்ன ஆயுள் அது. சித்தூர்ச் சீமையில் மே மாதம் 40 டிகிரியைத் தொடும். இரும்புப் பெட்டிக்குள் அடைத்துக் கம்பத்தில் தொங்கவிட்டால் உள்ளே அதைவிடச் சூடு. அதற்கு நேர்மாறான சோதனை மழைக்காலத்தில் வரும். 2021 நவம்பரில் திருப்பதியும் சித்தூரும் பெருமழையில் மிதந்ததைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். அத்தகைய அடைமழையில் நாட்கணக்கில் சூரியன் முகம் காட்டாது. விளக்கோ மாலையானால் ஏற்றிக்கொள்ளும். 12 வாட் விளக்கு 12 மணி எரிய 144 வாட்-மணி வேண்டும். சேமிப்பு மூன்று இரவுக்கு இருந்தால் மூன்றாம் இரவோடு சரி. அதற்குமேல் வற்றவிடாமல் தடுப்பது கன்ட்ரோலரின் வேலை. மலிவான கன்ட்ரோலர் அதைச் செய்வதில்லை. அந்தச் சிற்றூர்ப் பாட்டரிகளில் சில அந்த நவம்பரிலேயே நோய்ப்பட்டிருக்கும் என்பது என் ஊகம்.

பாட்டரி முந்தும், தகடு பிந்தும் என்பது விண்வெளியிலேயே நிரூபணமான சங்கதி. அமெரிக்கா 1958 மார்ச்சில் வான்கார்டு-1 என்னும் குட்டிச் செயற்கைக்கோளை ஏவியது. சூரிய மின்கலம் பொருத்திப் போன முதல் செயற்கைக்கோள் அதுதான். அதில் இரண்டு ஒலிபரப்பிகள். பாட்டரியில் ஓடியது அதே ஆண்டு ஜூனில் மௌனமாயிற்று. சூரிய மின்கலத்தில் ஓடியது 1964 வரை பேசிக்கொண்டிருந்தது. அந்தப் பாட்டரி மறுபடி சார்ஜ் ஏற்ற முடியாத வகை என்பது உண்மைதான். ஆனாலும் இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு நம் ஊர்க் கம்பங்கள்தாம் நினைவுக்கு வந்தன.

இப்போது லித்தியம் இரும்புப் பாஸ்பேட் பாட்டரி வந்துவிட்டதே, இனி என்ன கவலை என்று அன்பர்கள் கேட்கலாம். வந்தது நல்லதே. தண்ணீர் ஊற்ற வேண்டாம், எடை குறைவு, 2,000 முறைக்கு மேல் ஏற்றி இறக்கலாம். 2,000 என்றால் ஐந்தரை ஆண்டு. பாதியளவே காலி செய்தால் இன்னும் நீளும். ஆனால் அதையும் வெயில் தின்னும். அதற்குள் இருக்கும் காவல் சுற்று கெட்டால் பாட்டரி நன்றாக இருந்தும் பயனில்லை. அதைவிட, சந்தையில் தகடு, பாட்டரி, விளக்கு மூன்றையும் ஒரே பெட்டியில் அடைத்து விற்கிறார்கள். பார்க்க லட்சணமாக இருக்கும், மாட்டுவதும் சுலபம். ஆனால் நாள் முழுவதும் காய்கிற தகட்டுக்கு அடியிலேயே பாட்டரியை வைப்பது அடுப்பு மேடையில் நெய்க்கிண்ணத்தை வைப்பது போல. மேலும் விளக்கு சாலையைப் பார்த்தால் தகடு எந்தத் திசையைப் பார்க்குமோ தெரியாது. அப்பக்கம் பூமத்தியரேகைக்கு வடக்கே சுமார் 13 டிகிரி. தகடு தெற்கு நோக்கி அதே அளவு சாய்ந்திருந்தால் வெயிலும் கிடைக்கும், மழை பெய்தால் தூசும் பறவை எச்சமும் வழிந்தோடும். படுக்கை வாட்டத்தில் வைத்தால் அழுக்கு அங்கேயே குடியிருக்கும். என்னைக் கேட்டால் கிராமத்துக்குத் தனித்தனிப் பாகங்களாக உள்ள பழைய பாணி விளக்கே மேல். ஒன்று கெட்டால் ஒன்றை மாற்றலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதைச் சொன்னால் சூரியசக்தி அபிமானிகளுக்குக் கோபம் வரும். மின்கம்பி போகிற தெருவில் சூரிய விளக்குத் தேவையில்லை. அங்கே கம்பியில் ஓர் எல்.இ.டி. விளக்கை மாட்டினால் பாட்டரி என்னும் தலைவலியே கிடையாது. 2014 அக்டோபரில் ஹுத்ஹுத் புயல் விசாகப்பட்டினத்தைச் சூறையாடிய பிறகு, அந்நகரில் தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட தெருவிளக்குகளை எல்.இ.டி.யாக மாற்றினார்கள். அவையெல்லாம் கம்பி மின்சாரத்தில் எரிபவை. அந்த விளக்கு அணைந்தால் யாரிடம் போய்ச் சொல்வது என்று ஊராருக்குத் தெரியும். சூரிய விளக்கு அணைந்தால் உபயதாரர் பெங்களூரிலோ துபாயிலோ இருப்பார், விற்ற கடைக்காரர் தொலைபேசி எண்ணையே மாற்றியிருப்பார்.

சூரிய விளக்கு வேண்டிய இடம் வேறு. கம்பி எட்டாத தோப்புப் பாதை, ஏரிக்கரை, சுடுகாட்டு வழி, காட்டோரக் குடிசைகள். பலமனேர், குப்பம் பக்கத்துக் காடுகளுக்கு 1980-களில் தமிழ்நாட்டு எல்லையிலிருந்து யானைகள் வந்து சேர்ந்தன. அவற்றுக்காகவே 1990-ல் கௌண்டின்யா சரணாலயம் ஏற்பட்டது. அந்தப் பக்கத்தில் மாம்பழக் காலம் யானைக்கும் விருந்துக் காலந்தான். இருட்டில் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்து போகிறவருக்கு, எதிரே நிற்பது மரமா மதயானையா என்று பத்தடி தூரத்தில் தெரிந்தால் போதாது. விளக்கு யானையைத் தடுக்காது, ஆனால் மனிதனுக்கு விலகி ஓட நேரம் கொடுக்கும். அதேபோல் மாங்கூழ் ஆலைகளுக்கு முன்னால் சரக்கு இறக்க முறை வரும்வரை டிராக்டர்கள் இரவு முழுக்க வரிசையில் நிற்கும். பின்னால் சிவப்பு விளக்குக்கூட இல்லாத டிரெய்லர்கள். அந்த இடத்தில் ஒரு கம்பம் எரிகிறதா இல்லையா என்பது உயிர்ப் பிரச்சினை. நம் சிற்றூரில் எரியாமல் நின்ற ஏழில் மூன்று, தோப்பிலிருந்து பெரிய சாலைக்கு வரும் வளைவில்தான் இருந்தன.

பராமரிப்பை முதலிலேயே விலையோடு கட்டிவிடுவது ஒன்றும் புதிய யோசனை அல்ல. மத்திய அரசு 2016-ல் தொடங்கி 2020-ல் நிறுத்திய அடல் ஜோதி திட்டத்தில், விளக்கு கொடுத்த நிறுவனமே ஐந்தாண்டு பராமரிக்க வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. தனியார் நன்கொடையில்தான் அது விட்டுப்போகிறது. புத்தம் புது விளக்குக்குப் பணம் திரட்டுவது எளிது, பழைய விளக்கின் பாட்டரிக்குத் திரட்டுவது குதிரைக்கொம்பு. 2023 கடைசியில் அச்சிற்றூர்க்காரர்கள் பெங்களூரில் ஒரு வீட்டு மாடியில் கூடியபோது நானும் போயிருந்தேன். இன்னும் பத்துப் புதுக் கம்பம் போடலாம் என்றார் ஒருவர். இருக்கிற கம்பத்தை எரிய வைக்கலாமே என்றேன். "புதுசு போட்டா பேர் எழுதலாம், பாட்டரி வாங்கிக் கொடுத்தா பேரை எங்கங்க எழுதறது, பெட்டிக்குள்ளேயா?" என்று அவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அவர் கேட்டது வேடிக்கைக்காக அல்ல. அரை மணி நேரம் அதைத்தான் பேசினோம்.

கடைசியில் இப்படி முடிவாயிற்று. ஒவ்வொரு கம்பத்திலும் உபயதாரர் பெயருக்குக் கீழே பாட்டரி மாற்றிய மாதமும் ஆண்டும் எழுதுவது. பாட்டரி கொடுத்தவர் பெயர் விரும்பினால் அதன் பக்கத்தில். இன்றைக்குப் பாட்டரி வாங்கும்போதே ஐந்தாண்டு கழித்து வாங்க வேண்டிய அடுத்த பாட்டரிக்கும் சேர்த்து வசூலித்து வங்கியில் போடுவது. அந்த மோட்டார் பழுது பார்க்கும் இளைஞருக்கு ஆண்டுக் கூலி. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அவர் தகடுகளைத் துடைத்து, ஈயப் பாட்டரிகளில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, வோல்ட் அளந்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறிப்பார். குழாய்த் தண்ணீரை ஊற்றக் கூடாது, அதிலுள்ள உப்பு தகட்டைக் கெடுக்கும் என்பதைத் தெலுங்கிலும் தமிழிலும் எழுதிப் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டினோம். இரவு பதினொரு மணிக்குமேல் வெளிச்சம் பாதியாகக் குறையும்படியான கன்ட்ரோலர்களை வாங்கினோம். சேமிப்பு மூன்று இரவுக்குப் பதில் நான்கு இரவு தாங்கும். செத்த பாட்டரிகளை எடைக்குப் போடாமல் கடையில் திருப்பிக் கொடுத்துக் கழிவு வாங்கிக்கொண்டோம். பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை 2022-ல் வந்த விதிகள் உற்பத்தியாளர்கள்மேல் வைத்திருக்கின்றன. அமிலத்தைக் கால்வாயில் கொட்டிவிட்டு ஈயத்தை மட்டும் உருக்குகிறவர்களிடம் கொடுத்தால் ஊர்க் கிணற்றுக்குத்தான் கேடு.

ஏழு கம்பங்களுக்குப் புதிய பாட்டரி, காலிப் பெட்டிக்கு ஒன்று, ஆக எட்டு. வளைவில் இருக்கும் மூன்றுக்கு லித்தியம், மற்றவற்றுக்கு ட்யூபுலர். எது நீடிக்கிறது என்று நோட்டுப் புத்தகம் சொல்லும். கம்பத்தில் பெட்டியைச் சற்று இறக்கி, தகட்டின் நிழல் விழும் பக்கமாகத் திருப்பினோம். திருகாணிகளின் தலையைத் தட்டி மழுக்கிவிட்டார் அந்த இளைஞர். திருட வருகிறவன் குறட்டோடு அரை மணி போராட வேண்டும் என்பது அவர் கணக்கு.

2025 ஜூலையில் மாங்காய் விலை விழுந்து விவசாயிகள் தவித்த சமயத்தில் மறுபடி அங்கே போனேன். டிராக்டர்கள் வழக்கத்தைவிட நீளமாக வரிசை கட்டியிருந்தன. பதின்மூன்று விளக்குகள் எரிந்தன. பதினான்காவது மாமரத்து நிழலில் உள்ள கம்பம். கிளையை வெட்ட மரத்துக்காரர் சம்மதிக்கவில்லை. காய்க்கிற கிளையாம். கம்பத்தைப் பத்தடி தள்ளி நடுவதா, தகட்டை மட்டும் உயரமான குழாயில் ஏற்றுவதா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.